கிரேடு எத்தனை என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பவானியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் தலைவலி என்று உட்கார்ந்தவள், வாந்தி எடுத்து, வலிப்பு வந்து சாய்ந்துவிட்டாள். ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு தெரிந்தது. அப்புறம் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேராகச் சேர்ந்து ஒரு முடிச்சாக இருந்தது. ஏவிஎம் என்றார்கள்.

முதலில் சேர்த்த மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தோம். "மூளை விஷயம், ரிஸ்க்" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. தலையைத் திறந்தால் பெண் படுத்த படுக்கையாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயந்தார்கள். ஏவிஎம்முக்கு அறுவை போன்ற சிகிச்சை செய்வதா, மருந்தோடு விடுவதா என்று ஒப்பிட்டுப் பார்த்து 2014இல் வெளியான அருபா என்ற ஆய்வை அக்கா மகன் போனில் காட்டி, மருந்தோடு விடுவதே நல்லது என்றான்.

அடுத்துப் பார்த்த நரம்பியல் அறுவை மருத்துவர் எங்களை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1986இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இருவர் வகுத்த கணக்காம் அது. முடிச்சு 3 செ.மீ.க்குக் குறைவு என்றால் 1 மதிப்பெண், 6 செ.மீ. வரை 2, அதற்கும் பெரிதானால் 3. பேச்சு, பார்வை, கைகால் அசைவு போன்றவற்றைக் கவனிக்கும் இடத்தில் இருந்தால் ஒன்று கூடும். ரத்தம் ஆழத்துச் சிரைக்குள் வடிந்தால் இன்னொன்று. இந்த மொத்தத்தைத்தான் கிரேடு என்கிறார்கள். என் மகளுக்கு மொத்தமே 1. நான்கு, ஐந்து என்றால் பெரும்பாலும் கத்தி வைக்கத் தயங்குவார்களாம். ஒன்று, இரண்டுக்கு அறுவையே பொதுவாக முதல் வழி. அருபா ஆய்வில் இருந்தவர்கள் ரத்தம் கசியாதவர்கள், அவர்களிலும் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள் மிகச் சிலர், உங்கள் பெண்ணுக்கு அது பொருந்தாது என்றார். கதிர்வீச்சு கொடுத்தால் முடிச்சு அடைபட இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை மறுபடி கசியும் அபாயம் இருக்கும் என்றும் சொன்னார்.

எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். ரத்தம் கொண்டுவரும் தமனிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, முடிச்சைச் சுற்றிலும் பிரித்து, வடிகால் சிரையைக் கடைசியில்தான் அறுப்பார்களாம். சிரையை முன்னாலேயே அடைத்தால் முடிச்சு விம்மி உடைந்துவிடும். எந்த இழையை முதலில் வெட்டுவது என்று தெரியாமல் தைத்த துணியைப் பிரிக்கப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் என் பயம் விட்டது. கையெழுத்துப் போட்டேன்.

ரத்தம் கட்டியிருந்தது கரையட்டும் என்று ஆறு வாரம் கழித்து அறுவை செய்தார்கள். பிறகு எடுத்த ஆஞ்சியோகிராமில் முடிச்சு இல்லை. வலிப்பு மாத்திரை மட்டும் தொடர்கிறது. மகள் மறுபடி கல்லூரிக்குப் போகிறாள்.

அந்த ஒற்றை எண் தெரியாமல் பதினோரு நாள் நாங்கள் பட்ட பாடு இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம். ஆஞ்சியோகிராம் முடிவைக் கொடுக்கும்போதே கிரேடு எத்தனை, அது ஏன் என்று மருத்துவமனைகள் வீட்டாரிடம் தமிழில் சொல்ல வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கத்திலும் இந்தக் கணக்கை ஒருமுறை படத்தோடு வெளியிடுங்கள் ஐயா.

ஒரு தகப்பன்,
பவானி, ஈரோடு மாவட்டம்