ஜிம்னிக்கு சீட் தேடும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கறுப்பும் சிவப்புமாகத் தைத்த பக்கெட் சீட், பந்தயக் காரில் போடுவது மாதிரி ஆளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் வகை. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை உன் பழைய ஜிம்னி ஜீப்பில், அதாவது எஸ்ஜே410-இல், பூட்டிக்கொண்டு பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்துக்கு ஏறப் போவதாகச் சொல்கிறாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே உன் அம்மா வாங்கிக்கொள்வார். பழைய ஜீப் வைத்திருக்கும் வேறு சில பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சீட் வாங்கும்போது மேல் துணியைப் பார்க்காதே, அடியில் இருக்கும் இரும்பைப் பார். கிழிந்த துணியையும் அமுங்கிப்போன ஸ்பாஞ்சையும் எந்தக் குஷன் கடையிலும் மாற்றித் தருவார்கள். வளைந்த சட்டத்தையும், சீட் முன்னும் பின்னும் நகரும் ரெயில் தேய்ந்திருந்தால் அதையும் யாராலும் நம்பும்படி சரிசெய்து தர முடியாது. நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளப்பான லெதருக்குக் காசு கொடுத்துவிட்டு, போல்ட்டுக்குப் பேரம் பேசுகிறார்கள்.

முதலில் அந்த பக்கெட் சீட்டின் கதையை முடித்துவிடுவோம். அதன் முதுகு சாயாது, முன்பக்கம் மடங்கவும் மடங்காது. உன் வண்டிக்கு இரண்டே கதவு. முன் சீட்டை மடக்காமல் பின்னால் ஆள் ஏறுவது எப்படி? காட்டுப் பாதையில் அடிக்கடி தலையை வெளியே நீட்டி டயர் எங்கே மிதிக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும். நாலு சக்கரமும் இழுக்க முன் சக்கரத்து ஹப்பைக் கையால் பூட்ட இறங்கி ஏற வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த உயரமான விளிம்பு தொடையில் இடிக்கும். கூடவே நாலு பட்டை பெல்ட்டும் போடப் போகிறாயாம். அது ஆளை நிமிர்த்தியே கட்டி வைக்கும். ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூண்டு இல்லாத கேன்வாஸ் கூரை வண்டி கவிழ்ந்தால், குனிந்து தப்பக்கூட வழி இருக்காது. நீ சொன்ன மலிவு விலைக்கு ரெக்காரோ என்ற பெரிய சீட் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தால் அது ஸ்டிக்கர்தான். அசல் வேண்டுமென்றால் அந்த சீட்டோடு வந்த புரோட்டான் சத்ரியா ஜிடிஐ கார் வைத்திருப்பவர்களிடம் போய்க் கேட்டுப் பார், விலையைக் கேட்டதும் நீயே திரும்பி வந்துவிடுவாய்.

சரி, இப்போது வண்டியில் இருக்கும் சீட்டையே ஒரு தடவை நன்றாகப் பார்த்தாயா? கழற்றித் தரையில் கவிழ்த்து வை. ஸ்பிரிங் கம்பிகள் அறுந்திருக்கிறதா, சட்டத்தின் வெல்டிங் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். ரெயிலை முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டுகிறதா என்று கவனி. ஒரு பக்கம் மட்டும் பூட்டும் சீட் பிரேக் அடிக்கும்போது கோணிக்கொள்ளும். இதிலெல்லாம் குறை இல்லையென்றால் நீ சீட்டே வாங்க வேண்டாம், குஷன் கடைக்குப் போனால் போதும். அடர்த்தியான ஸ்பாஞ்ச் போடச் சொல், ஆனால் பழைய உயரத்தைத் தாண்ட விடாதே. உன் ஸ்டியரிங் ஏறவும் இறங்கவும் செய்யாது, தொடை போய் முட்டும். மேலே துணி வேண்டாம், லெதர் மாதிரி இருக்கும் பிவிசி போடு. வெயிலில் சுடத்தான் செய்யும். ஆனால் சேற்றைத் துடைத்துவிடலாம், மழையில் நனைந்து பூசணம் பிடிக்காது. டுரியான் வாடை துணிக்குள் ஏறினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டமே போய்விட்டது என்றால் அடுத்த வழி, சின்னக் கார்களின் சீட். பெரோடுவாவின் கான்சில், கெலிசா, கெனாரி இவற்றைப் பார். கான்சில் 1994 முதல் 2009 வரை வந்த வண்டி, அதனால் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஜோடியாகவே பேரம் பேசி வாங்கலாம். ஜோடியாக வாங்குவது முக்கியம். வலது சீட்டில் சாய்க்கும் பிடி வலப்பக்கம் இருக்கும், இடது சீட்டில் இடப்பக்கம். ஒற்றைச் சீட்டை மலிவாக வாங்கி இடம் மாற்றிப் போட்டால் பிடி கியர் பக்கம் போய்விடும், கை நுழையாது. புரோட்டான் வீரா மாதிரிப் பெரிய கார் சீட்டுகள் உட்கார சுகமாக இருக்கும். ஆனால் உன் வண்டியின் உள்ளகலம் என்ன, அந்த சீட்டின் அகலம் என்ன? கதவு மூடாது, இல்லையென்றால் நாலு சக்கர கியர் கம்பியில் உரசும்.

கடைக்குப் போகும் முன் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி வண்டித் தரையில் விரி. நாலு போல்ட் துளைகளையும் அதில் குத்திக் குறித்துக்கொள். கதவுப் படிக்கும் நடு மேட்டுக்கும் இடையே எவ்வளவு இடம் என்றும் எழுதிவை. கடையில் சீட்டைக் கவிழ்த்து அந்த அட்டையை வைத்துப் பார்த்தால் வாய்ப்பேச்சுக்கே வேலையில்லை. இன்னொன்று, பல கார்களில் வெளிப்பக்கக் கால் கதவுப் படியிலும் உள்பக்கக் கால் நடு மேட்டிலும் உட்காரும். அதனால் நாலு காலும் ஒரே உயரமாக இருக்காது. சமமான தரையில் வைத்தால் ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்து காலை வெட்டச் சொல்லிவிடாதே. இடையில் கனமான இரும்புத் தகட்டில் தாங்கி செய்து போட வேண்டும், தலையில் 8.8 என்று வலுவின் அளவு பொறித்த போல்ட் போட வேண்டும், தரைக்கு அடியில் அகலமான தகடு வைத்து முடுக்க வேண்டும். துளை போடும் முன் அடியில் படுத்துப் பார்த்துவிடு, பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்த வழியாகவே ஓடலாம். கார்பெட்டைத் தூக்கி ஸ்குருடிரைவரால் தரையைக் குத்திப் பார். தகடு உள்ளே போனால் சீட் வேலையை நிறுத்திவிட்டு முதலில் தரையைச் சரிசெய். துருவின் மேல் வெல்டிங் நிற்காது.

இனி பெல்ட். உன் வண்டியில் பெல்ட்டின் கொக்கி தரையில் தனியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார். பிந்தைய கார்கள் பலவற்றில் அது சீட்டோடு சேர்ந்தே வரும். அப்படிப்பட்ட சீட்டைப் போட்டால், மோதும்போது உன் எடையையும் சேர்த்து அந்த சீட் போல்ட்டுகள்தான் தாங்க வேண்டும். பட்டறைக்காரர் ஒட்டவைத்த ஆங்கிள் துண்டு அதைத் தாங்கும் என்று நான் நம்ப மாட்டேன். வண்டியோடு வந்த தரைக் கொக்கியை விடாதே, சீட்டில் வரும் கொக்கியைக் கழற்றி வை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் பழைய காரின், அதாவது ஹாஃப்-கட்டின், சீட் வாங்கினால் ஓரத்தில் எஸ்ஆர்எஸ் என்று எழுதிய சின்ன லேபிளும் அடியில் மஞ்சள் பிளக்கும் இருக்கிறதா என்று பார். இருந்தால் உள்ளே ஏர்பேக் இருக்கிறது, அதை விட்டுவிடு. மஞ்சள் வயர் போகும் கொக்கியும் அப்படித்தான், உள்ளே சின்ன வெடிமருந்து இருக்கும்.

சீட் ரொம்ப மலிவாக வந்தால் மோந்து பார். 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம் பக்கமும் எத்தனை கார் முழுகியது என்று உனக்கே தெரியும். மேலே ஷாம்பு போட்டுப் பளிச்சென்று வைத்திருப்பார்கள். ரெயிலின் பள்ளத்துக்குள் விரலை விட்டால் காய்ந்த களிமண் உதிரும்.

சீட்டின் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதே. கிராண்டில், அதாவது வண்டிப் பதிவுப் பத்திரத்தில், எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதோ அதுவே இருக்கட்டும். பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கூடை வைக்கலாம் என்று தோன்றினால் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-இல் கேட்டுக்கொள். அப்புறம் வண்டிச் சோதனைக்குப் புஸ்பாகோமில் போய் நின்று முழிக்காதே.

கழற்றிய பழைய சீட்டுகளைப் பழைய இரும்புக்குப் போடாதே. எஸ்ஜே410-ஐ அசலாக மீட்டெடுக்க நினைப்பவர்கள் அந்தச் சட்டத்துக்கும் கைப்பிடிகளுக்கும் அலைகிறார்கள், புதுச் சீட்டின் செலவில் ஒரு பங்கு அதிலேயே திரும்பி வரும். அதுவரை வைக்க இடமில்லை என்று உன் அம்மா சத்தம் போட்டால் பட்டர்வொர்த்துக்கு அனுப்பிவிடு, நம் வீட்டுக் கொட்டகையில் இடம் இருக்கிறது.

உன் மாமா