வீராணத்துக்கு நீர் தரும் நிலத்தையும் காக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீராணம் ஏரி வறண்டாலும் நிரம்பினாலும் அது சென்னையின் குடிநீர்ச் செய்தியாகவே பேசப்படுகிறது. அதை நம்பிப் பயிர் செய்யும் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரங்களும், ஏரிக்கு நீர் தரும் நிலப்பரப்பும் அந்தப் பேச்சில் இடம்பெறுவது அரிது.

சோழர் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட இவ்வேரிக்குக் கொள்ளிடம் ஆற்றின் குறுக்கேயுள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீரும், செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக அரியலூர்ப் பகுதியின் மழைநீரும் வருகின்றன. பருவநிலை மாற்றம் இவ்விரண்டையுமே குலைக்கிறது. தென்மேற்குப் பருவமழை பொய்த்து மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போனால் வடவாறு காய்கிறது; காற்று ஒரு டிகிரி வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரப்பதத்தை ஏந்தும் என்பதால், வடகிழக்குப் பருவத்தில் பரவலாகப் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாளில் கொட்டி, மேட்டுநிலத்து மண்ணையும் அரித்துக்கொண்டு ஏரிக்குள் இறங்குகிறது. தேக்க இடமின்றி உபரி நீரை வெளியேற்றிவிட்டு, கோடையில் ஆழமற்ற நீர்ப்பரப்பு ஆவியாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீர்மட்டம் முழு அளவான 47.50 அடியை எட்டிவிட்டது என்ற அறிவிப்பு மகிழ்ச்சி தந்தாலும், வண்டல் படிந்த ஏரியில் அது பழைய கொள்ளளவைக் குறிக்காது என்பதே என் பெருங்கவலை.

தூர்வாருவதோடு நின்றால் அடுத்த பெருமழை மீண்டும் மண்ணைக் கொண்டுவரும். எனவே, ஓடைகளின் மேற்பகுதியிலுள்ள சிற்றேரிகளையும் குளங்களையும் சீரமைத்து, கரைகளில் மரம் வளர்த்து, ஏரியின் உண்மையான கொள்ளளவை அளந்து மக்களுக்கு வெளியிடுமாறு நீர்வளத் துறையை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்டுமன்னார்கோவில்