பூமலையின் மரங்களுக்குத் தமிழ்ப் பெயர்ப் பலகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் வெளிநாட்டுப் பயணம் வேண்டாம், வாரம் ஒரு பூங்காவாகச் சிங்கப்பூரையே சுற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்து, என் கணவர், இரு பிள்ளைகள், எழுபத்தெட்டு வயதான என் மாமியார் ஆகியோருடன் சென்று வந்தேன். அதிலிருந்து எழுந்த ஒரு வேண்டுகோளைத் தங்கள் இதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் சென்றது வீட்டுக்கு அருகிலுள்ள பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 2.7 கிலோமீட்டர் நேராக ஓடிய கான்கிரீட் கால்வாயை அகற்றி, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து செல்லும் இயற்கையான ஆறாகக் காலாங் ஆற்றை மாற்றியமைத்து, 2012ஆம் ஆண்டில் மீண்டும் திறந்துவிட்ட இடம் அது. பிள்ளைகள் கணுக்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நீர்நாய்களைத் தேடினார்கள்; மாமியார் இருக்கையில் அமர்ந்தபடி அதிகம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேசத் தொடங்கியது அடுத்த வாரம் கடற்கரைப் பூங்காவில்தான். மணலில் கிடந்த உருண்டைக் காய் ஒன்றை எடுத்துப் பேத்தியின் கையில் வைத்து, "இது புன்னை" என்றார். சிறுமியாக இருந்தபோது விளையாட்டாக மணலில் புதைத்த புன்னை விதை முளைத்து மரமானதையும், அதை உன் தங்கை என்று தாய் சொன்னதால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசத் தலைவி நாணியதையும் கூறும் சங்கப் பாடலை நான் சொன்னேன். என் மகள் அந்தக் காயைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

மூன்றாவது வாரம், நாம் பூமலை என்று அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றோம். 1859இல் தொடங்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமான இந்தத் தோட்டத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதை, குடும்பத்தோடு செல்ல எண்ணுவோருக்காகக் குறிப்பிடுகிறேன். அங்கே பாட்டி முன்னே நடக்க, பிள்ளைகள் பின்தொடர்ந்தார்கள். ஆங்கிலத்தில் மழை மரம் எனப்படுவது அவருக்குத் தூங்குமூஞ்சி மரம். அந்தி நேரத்தில் இலைகள் மடிவதால் வந்த பெயர் அது. மலாய் மொழியில் அதற்கு 'ஐந்து மணி' என்றே பெயருண்டு. காயைப் பார்த்து ஆங்கிலேயர் பீரங்கிக் குண்டு மரம் என்றார்கள் என்றால், பூவைப் பார்த்து நம்மவர்கள் நாகலிங்கம் என்றார்கள். சாகா என்று மட்டுமே என் பிள்ளைகள் அறிந்திருந்த சிவப்பு விதைக்கு ஆனைக்குன்றிமணி என்ற பெயரும் கிடைத்தது.

ரப்பர் மரத்தின் முன்னேதான் அவர் நெடுநேரம் நின்றார். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளின் கதையையும், மரத்தைச் சிதைக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை இங்கே இயக்குநராக இருந்த ரிட்லி உருவாக்கியதையும் என் கணவர் விளக்கினார். மலேசியாவின் ஜோகூரில் ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, திருமணத்துக்கு முன்பு தம் தாயோடு நிரை (மர வரிசை) பிடித்துப் பால்மரம் சீவிய என் மாமியார், உளியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், பால் வடியும் கிண்ணமான 'மங்கு' எங்கே பொருத்தப்பட வேண்டும் என்று கையாலேயே காட்டினார். தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கடல் கடந்து மலாயா வருவதற்குக் காரணமான மரம் அது. ஆனால் அன்று நாங்கள் நின்று படித்த பலகைகளில் ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் மட்டுமே இருந்தன. எங்களோடு அவர் வந்திராவிட்டால், பால்மரம் என்ற சொல்லே என் பிள்ளைகளின் காதில் விழுந்திருக்காது.

தெம்பூசு போன்ற மரங்களுக்கு வலிந்து ஒரு தமிழ்ப் பெயர் உருவாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் மக்கள் தலைமுறைகளாக ஒரு பெயர் சொல்லி அழைத்துவரும் மரங்களிலாவது அந்தப் பெயரையும் பொறிக்க வேண்டும். தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக உள்ள இந்நாட்டில் இது மிகையான கோரிக்கை ஆகாது. ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவின்போது, ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் வழிநடத்தும் குடும்ப உலாவைப் பூமலையில் ஏற்பாடு செய்யவும் அமைப்புகள் முன்வரலாம். அப்படியோர் உலா நடந்தால், பால்மரத்தின் அருகே நின்று பேச என் மாமியார் இப்போதே ஆயத்தமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அங் மோ கியோ, சிங்கப்பூர்