காலாண்டு நிறைவு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசு பெற்றார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. அனைவருக்கும் பாராட்டுகள்.

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். பல்லுறுப்புக்கோவை வகுத்தல் வீட்டுப்பாடம் ஏறக்குறைய எல்லா நோட்டிலும் சரியாக இருக்கிறது. தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்தால் பலர் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். போட்டோ எடுத்தால் விடை தரும் செயலிகள் வீட்டு போனில் இருப்பது எங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்வது எளிதில்லை என்பதும் தெரியும்.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் சிலவே. 2 எக்ஸ் க்யூப் − 3 எக்ஸ் + 5 என்பதை எக்ஸ் + 2 ஆல் தொகுமுறையில், அதாவது எண்களை மட்டும் எழுதிச் சுருக்கமாக வகுக்கிறோம். எக்ஸ் ஸ்கொயர் உறுப்பு இல்லாததால் அந்த இடத்தில் 0 போட வேண்டும். கெழுக்கள் (எக்ஸுக்கு முன்னுள்ள எண்களும் தனி எண்ணும்) 2, 0, −3, 5; இடப்பக்கம், எக்ஸ் + 2-ஐ 0 ஆக்கும் −2. கீழ்வரி 2, −4, 5, −5; கடைசி −5 மீதி. மற்றவை ஈவின், அதாவது வகுத்து வரும் விடையின் கெழுக்கள்: 2 எக்ஸ் ஸ்கொயர் − 4 எக்ஸ் + 5. 0-ஐ விட்டால் 2, −7, 19 வந்து, ஈவின் படியே (எக்ஸின் உயர்ந்த அடுக்கு) ஒன்று குறைந்துவிடும். நீள் வகுத்தலில் கழிக்கும்போது முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். வகுத்தி (வகுக்கும் கோவை) 2 எக்ஸ் − 1 என்றால் இடப்பக்கம் ½ போட்டு, வரும் ஈவை 2 ஆல் வகுக்க வேண்டும். மீதியைத் தொடக் கூடாது.

இயற்கணிதம் மறந்துபோன பெற்றோரும் விடையைச் சரிபார்க்கலாம். எக்ஸுக்கு 2 போடச் சொல்லுங்கள். மேலுள்ள கோவை 15 ஆகும். வகுத்தி 4, ஈவு 5; பெருக்கி −5 கூட்டினாலும் 15. எக்ஸுக்கு 1 மட்டும் வேண்டாம். 0-ஐ விட்ட தவறான விடையும் அதில் சரியாகவே தெரியும்!

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். திங்கள் முதல் வீட்டுப்பாடக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் போடச் சொல்வோம். போட முடியாவிட்டால் அந்த வீட்டுப்பாடம் செய்யாததாகவே கொள்ளப்படும். "டியூஷன்ல இப்படித்தான் சொன்னாங்க" என்ற பதிலை ஏற்க மாட்டோம்.

அடித்தல் திருத்தலோடு வரும் நோட்டுக்கு மதிப்பெண் குறையாது. எந்த வரியில் தவறு என்று ஆசிரியர் காட்ட அதுவே உதவும். மாலைச் சிறப்பு வகுப்பு முடியும்வரை காத்திருந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும் உங்கள் பொறுமைக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்