சாவியை ஜன்னல் மேல் வைக்கச் சொல்லாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் அவுட்பில்டிங் என்னும் கொல்லைப்புற வீட்டை வாடகைக்கு விடும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

கொல்லைப்புற வாடகை வந்தால்தான் முனிசிபல் பில் கட்ட முடிகிற வீடுகள் நம்முடையவை. குடியிருந்தவர் எதையாவது உடைத்துவிட்டுப் போனால் வயிறு எரிவது எனக்குத் தெரியும். எனக்கும் எரிந்தது.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை என் குடித்தனக்காரர் காலி செய்தார். எனக்கு விரதம், பூசை, வீடு நிறைய உறவு. "சாவியை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போங்கள், தம்பி" என்றேன். திங்கட்கிழமை திறந்து பார்த்தால் சமையல் மேடையில் சூடான சட்டி வைத்துக் கருகிய வட்டம். குளியலறைக் கதவில் உதைத்த ஓட்டை. 4,500 ராண்ட் டெபாசிட்டை அப்படியே வைத்துக்கொண்டேன். அவர், வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் தகராறைத் தீர்க்கும் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே முறையிட ஒரு சென்ட்கூடச் செலவில்லை. தீர்ப்புக்கோ மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவின் பலம்.

நான் திங்கட்கிழமை எடுத்த படங்களை நீட்டினேன். "இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்தீர்களா?" என்றார்கள். அதோடு என் வழக்கு முடிந்தது.

1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிவருமுன் ஒருமுறையும், ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒருமுறையும் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும். நாம் அப்படிப் பார்க்காமல் விட்டால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். டெபாசிட் முழுவதையும் வட்டியோடு தர வேண்டும். வட்டிக் கணக்கில் இருந்திருக்க வேண்டிய அந்தப் பணத்தை நான் கூரைத் தகட்டில் போட்டிருந்தேன். வட்டியும் கைக்காசுதான்.

அழைத்தும் அவர் வராவிட்டால், ஒப்பந்தம் முடிந்து ஏழு நாட்களுக்குள் நாமே பார்த்துவிட வேண்டும். சேதத்துக்கு நியாயமான செலவைப் பிடிக்கலாம்; ஆனால் ரசீதை அவர் பார்க்கக் கொடுக்க வேண்டும். சேதமோ பாக்கியோ இல்லையென்றால் ஏழு நாளில் பணம் அவர் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். டெபாசிட்டில் கழிக்க நான் எழுதிய பட்டியலில் கதவும் மேடையும் மட்டுமா இருந்தன? பதினொரு வருடம் உழைத்துத் துருப்பிடித்த கீசரையும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஈரம் ஏறிய சுவரின் வர்ணத்தையும் அவர் தலையில் கட்டியிருந்தேன். தேய்ந்தது நம் செலவு, உடைத்தது அவர் செலவு. இது தெரியாமல் எழுதவில்லை, கோபத்தில் எழுதினேன். "தண்ணீரை நிறுத்தியிருக்க வேண்டும், கரண்டைப் பிடுங்கியிருக்க வேண்டும்" என்று யோசனை சொன்ன அண்ணன்மாரும் உண்டு. கோர்ட் உத்தரவில்லாமல் அதைச் செய்தால் நாம்தான் குற்றவாளி.

புதிதாக வந்த அம்மாளோடு முதல் தேதி காலையில், சாமான் இறக்குமுன், தாளும் பேனாவுமாக அறை அறையாகப் போனேன். நான் கவனிக்காத அலமாரிக் கீல் ஒன்றை அவர் காட்டினார். கருகிய வட்டத்தையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதை எப்போது மாற்றுவீர்கள், அண்ணா?" என்றார்.