அந்த லேப்டாப்பைப் பழைய சாமான் கடையில் போட்டுவிடாதே

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே ஆத்தாவும் அப்பத்தாவும் சௌக்கியம்.

உன் காலேஜ் லேப்டாப்பில் குரோம் அப்டேட் ஆக மாட்டேன் என்கிறது, பாதி வெப்சைட் கோணல்மாணலாகத் தெரிகிறது, பழைய சாமான் கடையில் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். போட்டுவிடாதே ஆத்தா. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகிற வயசு அதற்கு இன்னும் ஆகவில்லை. உன் பிள்ளை படிக்கவும் எழுதவும் தாராளமாகப் போதும். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் இருக்கிற விண்டோஸ் 7-தான் பிரௌசரைக் கட்டிப்போட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றிவிடலாம்.

விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிட்டது. குரோமில் அதற்கு வந்த கடைசிப் பதிப்பு 109, அது 2023 ஜனவரி. அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டை எதுவும் உன் குரோமில் அடைபடவில்லை. அதனால் நான் கீழே சொல்வதை முடிக்கிறவரை அதில் பேங்க் பாஸ்வேர்டை மட்டும் போடவே போடாதே.

முதலில் பிராசஸர் பெயரைப் பார். அது 64 பிட்டா, பழைய 32 பிட் வகையா என்பதை வைத்துத்தான் எந்த லினக்ஸ், எந்த பிரௌசர் ஓடும் என்று சொல்ல முடியும். ஸ்டிக்கரில் கோர் 2 டியோ என்று இருந்தால் 64 பிட். நடுவில் அந்த 2 இல்லாமல் வெறும் கோர் டியோ என்றால் 32 பிட்தான். விண்டோஸ் 32 பிட் என்று காட்டுவதை வைத்து முடிவு கட்டாதே. அந்தக் காலத்தில் 64 பிட் பிராசஸரிலும் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்தது சகஜம். லினக்ஸில் 32 பிட்டுக்கு குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரின் வழக்கமான பதிப்பும் 144-ஓடு நின்றது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பை 32 பிட் மிஷினில் புதிதாக ஏற்றவே முடியாது. உன்னுடையது கோர் 2 டியோ என்றுதான் ஞாபகம். ஒரு தடவை பார்த்துச் சொல்.

காசு போடுவதென்றால் இரண்டில் மட்டும் போடு. ஒன்று, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான டிஸ்க், 120 ஜிபி போதும். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடத்திலேயே உட்காரும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர், பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்பதால் உள்ளே ஆடினால் கூட வருகிற பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள். இன்னொன்று ரேம். இப்போது இருக்கிற 2 ஜிபியை 4 ஆக்கு. உன்னுடையது டிடிஆர்2 என்ற பழைய வகை ரேம் என்றால் இனி செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். அதில் 200 பின், டிடிஆர்3-ல் 204 பின், வெட்டு விழுந்திருக்கிற இடமும் வேறு. அழுத்தி ஏற்றப் பார்த்தால் ஸ்லாட்டே போய்விடும். போர்டில் இன்டெல் 945 சிப்செட் உள்ள மிஷினில் 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் காட்டும். கடைக்காரர் மேல் சந்தேகப்படாதே.

மூடியைக் கழற்றுகிறபோதே போர்டில் இருக்கிற சின்ன பேட்டரியையும் பார். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று இருப்பதால், பிரௌசர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று கத்தும். இன்டர்நெட் கோளாறு, வைரஸ் என்று பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சிஆர்2032 என்று கேட்டு வாங்கு. ஆனால் லேப்டாப்பில் அநேகமாக இரண்டு ஒயரும் சின்ன பின்னும் வைத்து, மேலே உறை போட்டதாக இருக்கும். அதே மாதிரி ஒயரோடு வாங்கு, வெறும் வில்லையை வாங்கி சால்டர் வைக்காதே.

பிறகு லினக்ஸ். 4 ஜிபி ஆகிவிட்டால் லினக்ஸ் மின்ட் என்ற வகையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பு. 2 ஜிபியிலேயே ஓட்டுவதென்றால் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னும் இலேசான வகை. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, ஆன் செய்யும்போதே எஃப்12 அல்லது எஸ்கேப் அழுத்தி அதிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, சவுண்ட், ஸ்கிரீன் வெளிச்சம் மூன்றும் சரியா என்று தெரிந்துகொண்டு அப்புறம் இன்ஸ்டால் செய். பென்டிரைவில் ஓடும்போது ஆமை வேகமாகத்தான் இருக்கும், அதை வைத்து வெறுத்துவிடாதே. இன்ஸ்டால் செய்வதற்கு முன் போட்டோக்களை வேறு எங்காவது எடுத்து வை. முடிந்ததும் ஸெட்ராம்-டூல்ஸ் என்ற பேக்கேஜைப் போட்டு, அதன் செட்டிங் ஃபைலில் பெர்சென்ட் 50 என்ற வரிக்கு முன்னால் இருக்கிற # குறியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய். ரேமில் சும்மா கிடப்பதைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கும். டிஸ்க்கைப் போட்டு இழுக்காது. ரேம் குறைந்த மிஷினுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

பிரௌசர் ஃபயர்ஃபாக்ஸே இருக்கட்டும். காரணம், விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஒரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் அதில் முழுசாக வேலை செய்கிறது, குரோமில் இப்போது அதன் சுருக்கப் பதிப்புதான். விளம்பரமும் வேவு பார்க்கிற ஸ்கிரிப்டும் போனாலே பழைய பிராசஸருக்குப் பாதிப் பாரம் இறங்கினாற்போல. யூடியூப்புக்கு ஹெச்264இஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போடு. யூடியூப் அனுப்புகிற விபி9, ஏவி1 என்ற புது வடிவ வீடியோவைப் பிரித்துக் காட்ட கோர் 2 டியோ காலத்து கிராஃபிக்ஸில் வசதி கிடையாது, எல்லாம் பிராசஸர் தலையில் விழுந்து ஃபேன் அலறும். இந்த எக்ஸ்டென்ஷன் கேட்டு வாங்குகிற ஹெச்264 என்ற பழைய வடிவம் அதைவிட இலேசு. வீடியோவை 480 தரத்திலேயே வைத்துப் பார்க்கட்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் மெதுவானால் அதில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தச் சொல். எந்தப் பக்கம் எவ்வளவு மெமரி தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். 140-ஆம் பதிப்பிலிருந்து டேபின் மேல் வலது கிளிக் செய்தால் அன்லோட் டேப் என்று வருகிறது. டேப் அப்படியே இருக்கும், மெமரி மட்டும் விடுபடும். தமிழ் எழுத்து கட்டங்கட்டமாக வந்தால் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் ஃபான்ட்டைப் போடு. டைப் அடிக்க, லினக்ஸின் ஐபஸ் என்ற டைப்பிங் வசதியில் எம்17என் என்ற பேக்கேஜைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும், பிள்ளை அதிலேயே பழகட்டும்.

பிள்ளையார் நோன்புக்கு வரும்போது கொண்டு வருவாய் இல்லையா, நம் வீட்டு ரவுட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய வைஃபை கார்டு பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், டபிள்யூபிஏ3 என்ற புதுப் பாதுகாப்பு முறையும் பெரும்பாலும் புரியாது. அதனால் 2.4-ல் பழைய டபிள்யூபிஏ2 முறையையே வைத்துவிட்டேன். முகப்பில் நன்றாக எடுக்கிறது, வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் அந்தச் சுவர்களுக்குள் செத்துப்போகிறது. உன் லேப்டாப்பில் லேன் கேபிள் செருகுகிற இடம் இருப்பதால் அங்கே ஒரு கேபிள் இழுத்து வைக்கிறேன். மெத்தையில் வைத்து ஓட்ட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல், அடியில் காற்றுப் போகிற ஓட்டை அடைபட்டால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ரேம் வாங்குவதற்கு முன்னால் இப்போது உள்ளே இருக்கிறதன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. டிடிஆர்2 என்றால் அதன் வேகத்தைக் குறிக்க 5300 என்றோ 6400 என்றோ எழுதியிருக்கும். அதைப் பார்த்து எது வாங்குவதென்று சொல்கிறேன்.

அன்புடன்
அப்பச்சி