மூன்று வாரக் கழுத்தும் மூன்று வருடக் கழுத்தும்

அன்புள்ள முருகா,

உன் கடிதம் கிடைத்தது. கழுத்து சரியாகி மறுபடியும் கார் ஓட்டுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. அம்மா மே மாதம் வரை இங்கே மினியாபொலிஸில்தான் இருப்பார். உன்னைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்.

உன் கழுத்துவலிக்குப் பார்த்த அதே கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பு, கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்தி அசைத்துச் சிகிச்சை தருபவர்) மீனாவையும் அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். போகலாம், ஆனால் உனக்குக் கேட்டதுபோலவே அவளுக்கும் கேட்கும் என்று நம்பிப் போகாதே. பனி அள்ளும்போது உனக்குப் பிடித்துக்கொண்ட வலிக்கு வயது மூன்று வாரம். அவளுடையதுக்கு மூன்று வருடம். புது வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியத் தொடங்கும்; அந்த நேரத்தில் யார் கை வைத்தாலும் பெயர் அவருக்குத்தான். மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் கதை வேறு. தூக்கம் கெடும், பயந்து பயந்து கழுத்தை அசைக்காமல் தசை தளரும், சின்ன அசைவுக்கும் நரம்புகள் கூச்சலிடும்.

இங்கே மினசோட்டாவில் கெர்ட் பிரான்ஃபோர்ட் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் இரண்டு வகை வலியையும் தனித்தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2012-இல் வந்த ஆய்வில் 2 முதல் 12 வாரமாக வலி இருந்த 272 பேர். கைரோபிராக்டிக் சிகிச்சை மாத்திரைகளைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் இரண்டே அமர்வுகளில் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது! 2001 ஆய்வில் நாள்பட்ட வலிக்காரர்கள் 191 பேர். அதில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்கள் கைரோபிராக்டிக் சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

அதனால் மீனாவுக்குக் கழுத்தை வலுப்படுத்தும் பயிற்சிதான் முதலில் வேண்டும் என்பேன். கைரோபிராக்டர் அதைச் சொல்லித்தருவாரா என்று கேள். ஒரு மாதத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடு; மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜ் எதுவும் வேண்டாம். கை மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ முதலில் டாக்டர். திடீரென்று கடும் தலைவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நீயும் பயிற்சியை விட்டுவிடாதே. கழுத்து வலி ஒரு முறை வந்தவர்களில் 50 முதல் 85 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் திரும்பவும் வருகிறது என்று 2008-இல் ஒரு சர்வதேச வல்லுநர் குழு சொன்னது.

மீனா எப்போது, என்ன செய்தால் வலி கூடுகிறது என்று அவளையே எழுதச் சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்